மஞ்சள் தாளில் தொண்ணூற்று நான்காம் பக்கம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒரு சலவைக் கடையின் மாடியில் லூயெல்லா என்றொரு கவிஞர் வாழ்ந்தார். மூன்று கவிதைத் தொகுப்புகள் எழுதியிருந்தார். அவற்றை அவருடைய பல் மருத்துவர் உட்பட ஏழெட்டுப் பேர் படித்திருந்தார்கள். பதினொரு படங்களுக்குத் திரைக்கதையும் எழுதியிருந்தார். அவற்றை நாடே பார்த்தது. ஆனால் எழுதியவர் பெயர் திரையில் வந்தபோது நாடு இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரே சீடர், ஓட்டிஸ். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். குரு சீடர் கதைகளில் இது வழக்கமில்லைதான். கூடாது என்று எங்கும் எழுதியும் இல்லை.

ஓட்டிஸ் எழுதிய முதல் திரைக்கதையை ஒரு ஸ்டுடியோ வாங்கியது. ஆலையில் வேலைநிறுத்தம். கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு பேருந்து வருகிறது. வாசலை மறித்துப் பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள். "ஓட்டு" என்கிறார் முதலாளி. தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் ஓட்டுநர் இறங்குகிறார். சாவியை முதலாளியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்துபோகிறார். அதோடு படம் முடிகிறது.

ஒரு திங்கட்கிழமை ஓட்டிஸ் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"டீச்சர், கடைசிப் பக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள். ஓட்டுநர் ஓட்ட வேண்டுமாம்."

"ஏனாம்?"

"அவன் இறங்கிப் போவதைப் பார்த்தால், பார்த்தவர்கள் மறுநாள் வேலைக்குப் போய் என்ன செய்வார்களோ என்று பயமாம்."

"பரவாயில்லையே, சினிமாவின் மேல் இவ்வளவு நம்பிக்கையா? சரி, என்ன நிறம்?"

ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எழுதுவது வெள்ளைத் தாளில். திருத்திய பக்கம் நீலத் தாளில். மறுபடி திருத்தினால் ரோஸ், பிறகு மஞ்சள், பிறகு பச்சை. நிறத்தைப் பார்த்தே திருத்தம் எத்தனையாவது என்று சொல்லிவிடலாம்.

"நீலம்" என்றார் ஓட்டிஸ்.

லூயெல்லா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து நீட்டினார்.

"அதே பக்கத்தை இதில் டைப் அடியுங்கள்."

"அதேயா?"

"ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள்."

இரண்டு நாளில் ஸ்டுடியோவிலிருந்து பதில் வந்தது: 'இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் முயலுங்கள்.' அதே பக்கம் ரோஸ் தாளில் போனது. 'நெருங்கிவிட்டீர்கள்' என்று பதில் வந்தது. மூன்றாவதாக மஞ்சள் தாளில் அடித்துக்கொண்டே ஓட்டிஸ் கேட்டார்:

"டீச்சர், யாராவது படித்துவிட்டால்?"

"அந்த ஸ்டுடியோவுக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்."

கிடைத்துவிட்டார். தயாரிப்பு நிர்வாகி வென்டல் ஹாக்கின் கார் நடுவழியில் நின்றது. மெக்கானிக் வரும்வரை காரில் படிக்க அந்தத் தாள்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மறுநாள் மதியம் ஓட்டிஸ் குருவோடு இருந்தபோது ஹாக் சலவைக் கடையின் மாடிக்கே வந்துவிட்டார். மூன்று தாள்களையும் மேசைமேல் அடித்து வைத்தார்.

"நீலம், ரோஸ், மஞ்சள். மூன்றிலும் இறங்குகிறான்!"

"படித்தீர்களா!" என்றார் லூயெல்லா. குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

ஹாக் பையிலிருந்து ஒரு பச்சைத் தாளை எடுத்தார். "இதை நாங்களே எழுதிவிட்டோம். ஓட்டுகிறான். ஓட்டிஸ் கையெழுத்துப் போட்டால் படம் அவர் பெயரில் வரும். இல்லையென்றால் பெயர் போய்விடும். அறுபத்தொரு வயதில் இன்னொரு கதையை யார் வாங்குவார்கள்?"

ஓட்டிஸ் பச்சைத் தாளை எடுத்துப் படித்தார். ஹாக் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நீங்கள் பேருந்து ஓட்டியவர். நீங்களே சொல்லுங்கள். நிஜத்தில் ஒரு ஓட்டுநர் என்ன செய்வார்?"

கீழே சலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"ஓட்டினார்" என்றார் ஓட்டிஸ்.

"எந்த ஓட்டுநர்?"

"நான்தான். பெண்கள் கடைசி நொடியில் விலகிவிட்டார்கள். ஒருத்தியின் சாப்பாட்டு டப்பா சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம்..."

லூயெல்லாவுக்கும் இது புதிய செய்தி.

ஹாக் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். "பார்த்தீர்களா? உண்மை எங்கள் பச்சைத் தாளில்தான் இருக்கிறது. உண்மைக்குக் கீழே கையெழுத்துப் போட என்ன தயக்கம்?"

ஓட்டிஸ் பேனாவைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"அவர் சொல்வது சரிதானே, டீச்சர்? ஓட்டியவன் நான். இறங்கியதாக எழுத எனக்கு என்ன உரிமை?"

"அது எப்போது நடந்தது?"

"முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். காலை ஆறே முக்கால்."

"அதற்குப் பிறகு?"

"தினமும் அந்த வாசலுக்கு வந்துவிடுகிறேன், டீச்சர். பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது..."

"வந்து என்ன செய்கிறீர்கள்?"

"ஓட்டுகிறேன்."

"முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியது போதும்" என்றார் லூயெல்லா. "இறங்குங்கள்."

ஓட்டிஸ் பேனாவை மூடினார். ஹாக்கின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் அதை வைத்தார். ஒன்றும் சொல்லாமல் மாடிப்படியில் இறங்கிப் போனார்.

ஹாக் சிறிது நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லூயெல்லா பக்கம் திரும்பினார்.

"அவர் பெயர் போய்விட்டது. இனி இது உங்கள் வேலை. திங்கட்கிழமைக்குள் கடைசிப் பக்கம் ஒழுங்காக வர வேண்டும். வரவில்லையென்றால் இந்த ஊரில் உங்களுக்குப் பன்னிரண்டாவது படம் கிடையாது. புரிகிறதா?"

லூயெல்லா நாற்காலியைத் தட்டச்சுப் பொறியின் முன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்தார்.

"என்ன நிறம்?" என்று கேட்டார்.