தொடக்கூடாத கிடா

கூகைப்பட்டிச் சங்கிலிமுத்துவுக்கு முப்பத்தாறு வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை. பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் அவனுக்குக் கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவதாகப் பார்த்த பெண் பேர் கேட்டபோது பதற்றத்தில் அண்ணன் பேரைச் சொல்லிவிட்டு வந்தான். அண்ணன்கள் கொம்பையாவுக்கும் பேச்சிநாதனுக்கும் எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது. அது எப்படி நடந்தது என்று ஊரில் இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

பதினோராவது பெண் மேலச்செம்பூரில் அமைந்தது. இதுவும் தவறினால் உங்கள் தெருப் பக்கமே வரமாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார். பயந்துபோன அண்ணன்கள் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

"வீட்டுல ஆடு மாடு இருக்கா? பக்கத்துல வச்சுத் தடவிக் குடுங்க, மனசு அடங்கும்," என்றார் டாக்டர்.

"அத எழுதிக் குடுத்துருங்கய்யா," என்றார் கொம்பையா.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இவர்கள் எழுந்து போனால் போதும் என்று டாக்டர் ஒரு சீட்டில் 'ஆடு. காலை, மாலை தடவவும்' என்று எழுதி முத்திரையும் குத்தினார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயாய்யா, பின்னாலயா?"

"பின்னால."

யார் சாப்பாட்டுக்குப் பின்னால் என்று கேட்க மறந்துவிட்டார்கள். எதற்கும் ஆடு சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வீட்டிலிருந்த செவலைக் கிடாவின் முன்னால் மூவரும் காத்திருந்தார்கள். அந்தக் கிடா என்றைக்குமே சாப்பிட்டு முடித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த சிக்கல், பெண் பார்க்க மேலச்செம்பூருக்குப் போகும் மினி பஸ்ஸில் ஆட்டை ஏற்றமாட்டார்கள். ஆனால் நாயை ஏற்றுவதை மூவரும் பார்த்திருக்கிறார்கள். வழியில் வேப்பங்குளம் பள்ளிக்கூடத்தில் பொன்மலர் டீச்சர் என்று ஒருவர். கண் தெரியாதவர். அவரைக் கூட்டிப் போவதற்குப் பழக்கிய நாய் சிட்டு. அது மஞ்சள் சட்டை போட்டிருக்கும். அதில் 'பணியில் இருக்கிறேன். தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். பஸ்ஸில் ஏறினால் டீச்சர் காலடியில் படுத்து, இறங்கும்வரை அசையாது.

"பாத்தியாலே, கண்டக்டர் நாய ஏத்தல, சட்டையத்தான் ஏத்துதான்," என்று கண்டுபிடித்துச் சொன்னார் கொம்பையா.

கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையைக் கிழித்துக் கிடாவுக்கு மாட்டினார்கள். பேச்சிநாதன் அதன் மேலேயே பெயின்ட்டால் அந்த எழுத்தை எழுதினார். பார்க்க லட்சணமாக இருந்தது. சங்கிலிமுத்து ஆசையாகத் தடவக் கையை நீட்டினான்.

"ஏலே, கைய எடு! தொடாதீர்கள்னு எழுதியிருக்குல்லா!"

மூவரும் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"டாக்டர் தடவச் சொல்லியிருக்காரேண்ணே."

"அவர் எழுதுனது பொடி எழுத்து. இது எம்புட்டுப் பெரிசு!"

"அப்ப தடவவும் செய்யணும், தொடவும் கூடாது," என்றார் பேச்சிநாதன்.

கொம்பையா எழுந்து உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்தார். இப்படியாக, பெண் பார்க்கப் புறப்பட்ட ஒருவன் பூவும் பழமும் வைத்த தட்டை ஒரு கையிலும் விளக்குமாற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கூகைப்பட்டியை விட்டுக் கிளம்பினான். மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது, ஆட்டோடு சேர்த்து நாலு என்று கொம்பையாவுக்கு அதில் தனித் திருப்தி.

அகத்திக்கீரையைக் காட்டிக் கிடாவைப் பஸ்ஸுக்குள் ஏற்றினார்கள். கண்டக்டர் சட்டையைப் படித்தார்.

"ஆட்டுக்கு என்ன அண்ணாச்சி பணி?"

"எங்க தம்பிக்கு ஆறுதல் சொல்லுது."

"அது எப்படிய்யா சொல்லும்?"

கிடா கத்தியது. "கேட்டுக்கிட்டீங்களா?" என்று சொல்லி டாக்டர் சீட்டை நீட்டினார் பேச்சிநாதன். முத்திரையைப் பார்த்ததும், நமக்கெதற்கு வம்பு என்று கண்டக்டர் விசிலை ஊதினார்.

கிடா முதலில் ஒரு அம்மாவின் முளைக்கீரைக் கட்டைத் தின்றது. பிறகு தட்டிலிருந்த பூ. பிறகு கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் கட்டில் பாதி. நடுவழியில் புழுக்கை போட்டது.

"பிடிச்சு இழுங்கய்யா!" என்று கத்தினார் கண்டக்டர்.

"தொடப்பிடாது அண்ணாச்சி, எழுதியிருக்கு," என்றார் கொம்பையா, சட்டம் தெரிந்தவராக.

வேப்பங்குளம் வந்தது. பொன்மலர் டீச்சர் சிட்டுவோடு படியில் கால் வைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இனிமே எந்த மிருகத்தையும் ஏத்துறதா இல்ல. சட்டை போட்டிருந்தாலும் சரி."

"இது இல்லாம நான் எப்படிங்க போவேன்?"

கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. உச்சி வெயிலில் டீச்சரும் நாயும் நிற்பதைச் சன்னல் வழியாகப் பார்த்த சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. விளக்குமாற்றால் கிடாவை இரண்டு முறை தடவினான். குத்தியது நின்றுவிட்டது. டாக்டர் கைராசிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டான்.

பெண் வீட்டில் நல்ல மரியாதை. அத்தை வந்து சரி என்று சொல்லிவிட்டால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார் பெண்ணின் அப்பா. பெண் வடிவு காபியோடு வந்து நின்றாள். சங்கிலிமுத்து விளக்குமாற்றை இறுகப் பிடித்துக் கிடாவைத் தடவினான். கை நடுங்கவில்லை. பேர் கேட்டாள், தன் பேரையே சொன்னான்! அண்ணன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இந்த விளக்குமாறு எதுக்கு?" என்று வடிவு கேட்டாள். அதற்கும் நிதானமாக விளக்கம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து ஆடு வளர்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது நாலு மைல் நடந்த புழுதிக்காலோடு அத்தை உள்ளே வந்தார். பொன்மலர் டீச்சர். சிட்டு அவரை நாற்காலிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டுக் காலடியில் படுத்தது. டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

"இந்தக் கிடா நாத்தம் பஸ்ல அடிச்சதாச்சே!"

"அதே கிடாதான் டீச்சர், சிட்டு மாதிரியே சட்டை போட்டு வந்திருக்கு," என்றார் கொம்பையா பெருமையாக.

"சிட்டு ரெண்டு வருஷம் படிச்சு இந்தச் சட்டைய வாங்குச்சு. உங்க கிடா என்ன படிச்சிருக்கு?"

"படிக்கலங்க. ஆனா நோட்டுப் புஸ்தகம் நெறையத் தின்னுருக்கு," என்றார் பேச்சிநாதன்.

"மொதல்ல அதுக்குப் போட்டிருக்கறதக் கழட்டுங்க."

"எப்படிங்க தொடுறது?"

"பின்ன எப்படிப் போட்டுவிட்டீங்க?"

நியாயமான கேள்வி. மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"எழுதுறதுக்கு முன்னாலயே போட்டுட்டோம்," என்றார் பேச்சிநாதன் கடைசியில்.

அதற்குள் கிடா கழுத்தைத் திருப்பித் தன் சட்டையைத் தானே தின்று முடித்தது. டீச்சர் எழுந்துவிட்டார்.

"பொண்ணு தர்றதுக்கில்ல, போய்ட்டு வாங்க. உங்ககிட்ட மாட்டிக்கிட்டதே, அந்த ஆட்டுக்குத்தான் மொதல்ல யாராவது ஆறுதல் சொல்லணும்!"

தெருவுக்கு வந்ததும் அண்ணன்கள் இதைப் பேசினார்கள்.

"படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்லே. ஆட்டுக்கு ஆறுதலுக்கு ஆள் வேணும்."

"நம்ம தம்பி இருக்கானே!"

மீதிப் பெயின்ட் பையில் இருந்தது. சங்கிலிமுத்துவின் புது வெள்ளைச் சட்டையின் முதுகில் பேச்சிநாதன் எழுதினார்: 'பணியில் இருக்கிறேன். தொடாதீர்கள்.'

சாயங்காலம் அதே பஸ். கண்டக்டர் படியை மறித்தார்.

"மிருகம் ஏறக் கூடாது!"

"ஆடு பயணி, அண்ணாச்சி. அதுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஆறுதலுக்கு வந்தது இந்தா இவன்தான்."

மத்தியானமே வாதாடி ஓய்ந்துபோன கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். கிடா சன்னலோர சீட்டில் உட்கார்ந்தது. சங்கிலிமுத்து அதன் காலடியில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டான். பஸ் வேப்பங்குளம் தாண்டியபோது வடிவு சிரித்தது நினைவுக்கு வந்து அவனுக்கு அழுகை முட்டியது. வாய்விட்டு அழுதான். அண்ணன்கள் இரண்டு பேரும் பதறிக் கையை நீட்டினார்கள். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார்கள்.

"எழுதுறதுக்கு முன்னாலயே அழுதிருக்கப்பிடாதாலே?" என்று கொம்பையா தவித்தார்.

பிறகு விளக்குமாற்றை எடுத்துத் தம்பியின் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தார்.