பஞ்சம்னா திருவிழா

ஒரு சீமையில குந்தலராயன்னு ஒரு ராசா இருந்தாரு. மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்து சீமையைப் புடிச்சவரு, நம்ம பேச்சு அவருக்குச் சுத்தமாத் தெரியாது. நாப்பது வயசு, பெரிய மீசை, ஆனா சனங்க வந்து அழுதா ராசா, திருமேனிங்கிற தன் மந்திரி மூஞ்சியத்தான் பாக்கணும். மந்திரி சொல்றதுதான் சேதி.

ராசாவுக்கு அது பிடிக்கல. "என் காதாலேயே கேக்கணும்"னுட்டு, பேச்சு சொல்லிக் குடுக்க, ஏடு படிக்கத் தெரிஞ்ச செவந்தின்னு ஒருத்தியக் கூட்டியாரச் சொன்னாரு.

அவ தினம் காலையில ஒரு குருவி கதை படிப்பா. புது வார்த்தை வந்தா நிறுத்தி, வயித்தத் தடவி "பசி"ம்பா, மரத்தடியக் காட்டி "நெழல்"ம்பா, மேளம் கொட்டுற மாதிரி ஆடிக் காட்டி "திருவிழா"ம்பா. ராசாவும் அன்னிக்கெல்லாம் காவக்காரன்கிட்ட பசி, குதிரகிட்ட பசி, சமையக்காரிகிட்ட பசின்னு சொல்லிக்கிட்டே திரிவாரு. சிரிக்காதீங்க, நீங்களும் அப்படிப் படிச்சவங்கதான்.

அந்த வருசம் மழை இல்ல. களஞ்சியத்து நெல்ல மந்திரி கமுக்கமா வெளிச்சீமைக்கு வித்துக்கிட்டிருந்தான். சனங்க வந்து சொன்னா ராசாவுக்குப் புரிஞ்சிரும்னு பயந்து, செவந்தியத் தனியாக் கூப்பிட்டான்.

"பஞ்சம்னு ஒரு வார்த்தை வந்தா திருவிழான்னு சொல்லிரு. ஒனக்கு ஓட்டு வீடு ஒண்ணு கட்டித் தாரேன்."

"தப்பில்லீங்களா ஐயா?"

"ஒரே ஒரு வார்த்தைதானேம்மா!"

அவளும் ஒரு வார்த்தைதானேன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டா.

மறுநா கதையில வந்துச்சு: பஞ்சம் வந்ததும் குருவி கூட்ட விட்டுப் பறந்துச்சு.

"பஞ்சம்னா?"

"திருவிழா, ராசா."

"ஓ! திருவிழா பாக்கப் பறந்துச்சா!"ன்னு ராசா கை தட்டுனாரு.

அப்புறம் மேலத்தெரு சனங்க வந்து "பஞ்சம் ராசா, பஞ்சம்"னு கதறுனாங்க. ராசா மாடத்துலேருந்து சிரிச்சு, மேளக்காரங்கள அனுப்பி வச்சாரு. அப்புறம் ஆத்தங்கர சனங்க வந்தாங்க. "ஏன் அழுவுறாங்க?"ன்னு ராசா கேட்டாரு. "சந்தோசத்துல"ன்னான் மந்திரி. அவங்களுக்குத் தோரணமும் பூவும் அனுப்புனாரு ராசா. மூணாவதா வந்தது செவந்தி பொறந்த ஊரு சனங்க. அதுல அவ கூட்டாளி செல்லக்கிளி, இடுப்புல புள்ளையோட நின்னா. புள்ள அழக்கூட இல்ல.

"ஏண்டி, நீதான் ராசாவுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்குறியாம். எங்க பேச்சு மட்டும் ஏன் அவருக்குப் புரிய மாட்டேங்குது?"

செவந்தி நேரா மாடத்துக்கு ஓடி ராசா காலடியில விழுந்தா.

"நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் ராசா. மந்திரிதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. பஞ்சம்னா திருவிழா இல்ல."

"பின்ன என்ன?"

அவருக்குத் தெரிஞ்ச வார்த்தை கொஞ்சந்தானே, அதையே வச்சுச் சொன்னா. "பசி. எல்லார் வீட்லயும் பசி. நேத்தும் பசி, நாளைக்கும் பசி. அதான் பஞ்சம்."

ராசா அப்படியே ஒக்காந்துட்டாரு. "நான் மேளம் அனுப்புனேனே"ன்னாரு. "பூ அனுப்புனேனே."

அன்னிக்கே களஞ்சியத்தத் திறந்தாங்க, மந்திரி நெல்ல வித்ததும் வெளிய வந்துச்சு. மிச்சமிருந்த நெல்லு, மந்திரி வீட்டு நெல்லு, எல்லாத்தையும் மூட்ட கட்டி மந்திரி தலையிலேயே ஏத்தி, ஊரு ஊரா, வீடு வீடா எறக்கச் சொன்னாரு ராசா. சாவுற வரைக்கும் அவனுக்கு அதுதான் வேல. மேலத்தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடந்துச்சு. ஆத்தங்கரையில கதவத் திறக்கவே ஆளில்ல. செல்லக்கிளி வீட்டுக்கு நெல்லு போய்ச் சேந்தப்ப, புள்ளையப் பொதச்சு ரெண்டு நாளாயிருந்துச்சு.

ராசா செவந்திய ஒரு வார்த்தை வையல. அவளாவே அரமன வேலைய வேணாம்னுட்டு, பொறந்த ஊருக்கே போயி, பஞ்சத்துல ஊர விட்டுப் போயித் திரும்பி வந்த சனங்களுக்குக் கஞ்சி காச்சி ஊத்துனா. செல்லக்கிளியும் வருவா, கஞ்சிய வாங்கிக் குடிப்பா, ஏனத்தக் கழுவி வச்சுட்டுப் போயிருவா. ஒரு நாளும் செவந்திகிட்ட வாயத் தொறந்து பேசல. செவந்தியும் பேசச் சொல்லிக் கேக்கல.

அம்புட்டுத்தான் கண்ணுகளா. ஒருத்தருக்கு ஒண்ணச் சொல்லிக் குடுத்தா உள்ளதச் சொல்லிக் குடுங்க. கதை அந்தச் சீமையிலேயே நின்னுருச்சு, நான் மட்டும் இங்க வந்துட்டேன்.