அவரை இலையில் பழுப்புப் புள்ளி வந்த கதை

அந்தக் காலத்தில், இலைக்குள் குடியிருந்தவர்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் அவரை இலையின் அடிப்புறத்தில் காற்று நுழையும் குட்டி வாசலைச் சடையனும் மாயனும் காத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் இருவரும் வளைந்து விலகுவார்கள், வாசல் திறக்கும். தண்ணீரைத் துப்பினால் ஒட்டிக்கொள்வார்கள், வாசல் மூடிக்கொள்ளும். ஆனால் பகலில் அவர்கள் துப்பியதே இல்லை. வெயில் இருக்கும்வரை வந்த காற்றை வாசலில் நிறுத்தக் கூடாது என்பது அந்தக் குடியின் வழக்கம்.

வாசலை அடுத்த அறையில் பாவாயி வெயிலில் சமைத்தாள். வருகிற காற்றுதான் அவளுக்கு அரிசி. முதல் கவளம் எப்போதும் சடையனுக்கு. "தின்னுடா, காவல்காரன் இப்படியா ஒட்டிப்போய் நிப்பான்?" என்று கேலி செய்வாள். அவனுக்கு அவள்மேல் உயிர்.

ஒரு பங்குனி உச்சிவேளையில், ஊரெல்லாம் புகை மண்டியிருக்க, ஓசோன் வந்தான். மேல்வானத்தில் நின்று பூமிக்கே குடை பிடிக்கிற பெரிய மனிதன் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு மடக்குக் குடித்து வாசலை அகலத் திறந்தான். பாவம், மேலே நல்லவன் கீழே வந்தால் சுடுவான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

உள்ளே போனவன் தொட்டதெல்லாம் எரிந்தது. பாவாயியின் சுவர்தான் முதலில் பற்றியது.

"சடையா, வாசலைச் சாத்து! பின்னாலே அவன் கூட்டம் இன்னும் வருது!"

"நீ வெளியே வா அக்கா!"

"பொறந்த அறையை விட்டு நான் எங்கேடா வர? பக்கத்து அறைக்குத் தீ போகாம எல்லா வழியையும் நானே அடைச்சிட்டேன். கொடி நிறையப் பூ இருக்கு. சாத்துடா, என் தங்கம்."

மாயன் அழுதான். சடையன் குடித்த தண்ணீரையெல்லாம் துப்பினான். அதைப் பார்த்து மாயனும் துப்பினான். வாசல் மூடியது. பாவாயியின் குரல் நரம்பு வழியே ஓடி இலைக்கு இலை கேட்டது. கொடியின் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அன்று எந்த அறையிலும் உலை கொதிக்கவில்லை. கொடி முழுக்கப் பட்டினி. ஆனால் ஒரு பூகூட உதிரவில்லை.

சாயங்காலம் காற்று தணிந்ததும் சடையன் திறந்து பார்த்தான். பாவாயி இருந்த இடம் கடுகளவு பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. "நான்தானே அக்கா அவனை உள்ளே விட்டேன்" என்று தேம்பினான்.

அன்று முதல்தான் காற்று காந்தும் வேளையில் இலைகள் பசித்தாலும் வாசலைச் சாத்திக்கொள்கின்றன. அவரை இலையில் பழுப்புப் புள்ளி விழுவதும் அன்று முதல்தான். அதைச் சுற்றியிருக்கிற பச்சையெல்லாம் அவள் காப்பாற்றியது.