தண்டலோட தலையணை

ஒரு கடல்ல ஒரு தோணி போச்சாம். தூத்துக்குடியில அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்கு. இன்ஜின் கெடயாது, பாய்தான். காத்து அடிச்சா போகும், அடிக்கலன்னா அங்கனயே நின்னு ஆடும். ம் சொல்லு மக்கா.

தோணிக்குப் பெரியவரு தண்டல் இன்னாசி. கடல்ல அவருக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல, வேல ஒண்ணத் தவிர. சோறு பொங்குறவன் கஸ்பாரு. இன்னும் நாலு ஆளு, அவங்களுக்குப் பாய் தைக்கவும் கயிறு முறுக்கவுமே பொழுது சரியாப் போச்சு. அதனால தோணிக்கு அடியில ஊறுற தண்ணியப் பாக்குற வேலையும் கஸ்பாரு தலையில. தெனம் காலையில அடுப்பு பத்தவைக்க முன்னால அகப்பைக் காம்ப உள்ள விட்டுப் பாப்பான்.

மொத நாளு ரெண்டு விரல் தண்ணி. போய்ச் சொன்னான். தண்டல் படுத்த வாக்குலயே, பலகை தண்ணி குடிச்சா ஊதும், ஊதினா இடுக்கெல்லாம் தானா அடைச்சுக்கும்னாரு. அது பொய்யில்ல மக்கா, கரையில காஞ்சு கெடந்த தோணிக்கு மொத ரெண்டு நாளு அப்படித்தான். அதுக்காக ஆயுசு பூரா ஊதிக்கிட்டேவா இருக்கும்?

அப்புறம் நாலாம் நாளு, எறைச்சு ஊத்தியும் ஒரு சாண். அப்பவும் தண்டல், ஊதும்லே, பொறுன்னாரு. கஸ்பாரு இடுப்புல கட்டுற பழைய சாரத்தக் கிழிச்சு இடுக்குல திணிச்சான். புளுக்குன்னு வெளிய வந்துட்டு. அப்புறம் மாவப் பிசைஞ்சு அப்பினான். கரைஞ்சு கஞ்சியாப் போச்சு. மூணாவதா, பஞ்சுத் திரி வச்சு அடிச்சு, குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சிப் பூசுனாத்தான் நிக்கும்னு, தோணியில அதுக்குன்னே ஏத்தி வச்ச பஞ்சு மூட்டையத் தேடுனான். சாக்கு இருந்துச்சு. பஞ்சக் காணோம்.

எங்க போச்சு? தண்டல் தலைக்கடியில. கெளம்புறதுக்கு முந்தியே அம்புட்டையும் தலையணைக்குள்ள அடைச்சு, நாலு பக்கமும் தச்சு, ஓரத்துல பூவேலை வேற. அவருக்கு வேலையே தெரியாதுன்னு சொன்னேன்ல, தப்பு. தையல் தெரியும்.

கேட்டதுக்கு தண்டல், தலையணை இல்லாட்டி எனக்கு உறக்கம் வராது, நான் உறங்கலன்னா தோணிய யாரு நடத்துவான்னாரு. நியாயந்தான, அதுவரைக்கும் உறங்கித்தான நடத்திக்கிட்டு வந்தாரு. ம்... கண்ணு சொருகுதா? இரு, தோணி முங்கப் போவுது.

கஸ்பாரு மறுபடியும் காம்ப விட்டுப் பாத்தான். தண்ணி அடி மூட்டையத் தொட இன்னும் நாலு விரல்தான். அரிசி நனைஞ்சா ஊதும். அம்புட்டு அரிசியும் ஊதினா பலகை பிளந்து தோணியே விரிஞ்சுரும். அப்புறம் மீனுக்கு விருந்துதான், சோறும் இருக்கு, கறிக்கு ஆறு பேரு இருக்காங்க.

அப்போ ஒரு காரியம் செஞ்சான். ஒரு தகர டப்பாவுல கழுத்துமுட்ட அரிசியப் போட்டு, தண்ணி ஊத்தி, மூடிய நல்லா அமுக்கி, மத்தியானத் தூக்கத்துல இருந்த தண்டல் காதுகிட்ட வச்சுட்டு வந்துட்டான். பொழுது சாய டப்புன்னு ஒரு சத்தம். மூடி எகிறி தண்டல் மூக்குல விழுந்துச்சு.

"என்னலே இது?"

"அரிசி ஊதிட்டு தண்டலே. கீழ எறநூறு மூட்டை இருக்கு."

தண்டல் டப்பாவப் பாத்தாரு, கீழ பாத்தாரு. கத்திய எடுத்து அவரே தையலப் பிரிச்சாரு. டர்ர்ர்... பூவேலையும் போச்சு. அப்புறம் ஆறு பேருமா தண்ணிய எறைச்சுட்டு, டொக் டொக் டொக்குன்னு பஞ்ச அடிச்சாங்க. அடுப்புல குங்கிலியம் கொதிச்சுச்சு, அதனால அன்னைக்குச் சோறு கெடயாது. மறுநா காலையில பாத்தா, அகப்பைக் காம்புல ஒரு விரல்கூட ஈரமில்ல.

மாலத்தீவுல எறங்குனதும் தண்டல், தலையணையையே தியாகம் பண்ணித் தோணியக் காப்பாத்துனேன்னு பாத்தவங்ககிட்டயெல்லாம் சொன்னாரு. திரும்பி வரும்போது கஸ்பாரு அவருக்குப் புதுசா ஒரு தலையணை தச்சுக் குடுத்தான். தண்டல் ஆசையா தலைய வச்சாரு. கரகரன்னுது. உள்ள பூரா அரிசி.

"தண்ணி ஏறுனா மொதல்ல இதுதான் ஊதும் தண்டலே. நிம்மதியா உறங்குங்க."

அன்னையிலருந்து தெனம் விடிஞ்சதும் அகப்பைக் காம்போட மொத ஆளா கீழ எறங்குனது யாருன்னு நெனைக்க? இன்னாசிதான்.

தோணி கரை தட்டிட்டு, கதையும் தட்டிட்டு. உன் தலையணையில பஞ்சுதான் இருக்கு, அமுக்கி அமுக்கிப் பாக்காத. உறங்கு.