இறால் மிச்சம் வைத்த கண்

அந்தக் காலத்தில் மீனுக்கும் மரத்துக்கும் வாய் இருந்தது. அதைக் கேட்கிற காதும் மனுஷருக்கு இருந்தது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு கழி. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும், மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி, ஒரே இடத்தில் இருந்துகொண்டே ஒட்டாமல் கிடக்கும். கரை நெடுகச் சுரபுன்னை மரங்கள் வேரைச் சேற்றில் ஊன்றி நிற்கும். அந்த வேர்களுக்குள்தான் செவத்தாள் என்கிற இறால் குடியிருந்தாள்.

அன்றைக்கு இறால் என்றால் சிவப்பு. லேசான சிவப்பு இல்லை, வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பு. கழியில் வேறு யாருக்கும் அந்த நிறம் கிடையாது. நண்டு நத்தையெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகும். பார்க்கிறவர்களுக்கென்ன, பார்த்துவிட்டுப் போவார்கள். கொடுவா மீனும் பார்த்தானே, அதுதான் வினையாகப் போயிற்று.

கொடுவா பெரிய உடம்பு, பெரிய வாய். தேடி அலைகிற வேலையே அவனுக்கு இல்லை. கலங்கல் தண்ணீரிலும் சிவப்பு பளிச்சென்று தெரியும். வாயைத் திறந்துகொண்டு வந்தால் போதும். கரையில் குடியிருந்த மனுஷரும் சிவப்பைப் பார்த்துக் கையை விட்டு எடுப்பார்கள்தான், ஆனால் அவர்கள் உலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கொடுவா துடைத்து வைத்துவிடுவான். செவத்தாள் மூன்று தடவை பிள்ளை பொரித்தாள். மூன்று தடவையும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழுவதற்குக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது, சத்தம் கேட்டு அவன் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

நாலாவது தடவை அடிவயிற்றில் முட்டைகளைச் சுமந்துகொண்டு அவள் வேருக்குள் முடங்கிக் கிடந்தாள். அப்போது கடல் ஏற்றத்தோடு சொறிமுட்டை ஒருவன் மிதந்து வந்தான். இழுதுமீன் என்றும் அவனைச் சொல்வார்கள். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த வேரும் வேரில் ஒட்டிய சிப்பியும் அவன் உடம்புக்கு ஊடாகவே தெரிந்தன. வேரில் வந்து இடித்த பிறகுதான் அங்கே வேர் இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"யாரு வூடு இது?" என்றான்.

"என் வூடுதாண்ணே. கண்ணு தெரியலையா?"

"இருந்தாத்தானே தெரியறதுக்கு. அதைக் குடுத்துட்டுத்தான் இந்த ஒடம்பை வாங்குனேன்."

செவத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பார்ப்பதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லையே. "உன்னை யாரும் திங்க மாட்டாங்களா?"

"திங்கணும்னா மொதல்ல பாக்கணுமில்ல."

அவள் மெல்ல வெளியே வந்தாள். "அந்த ஒடம்பு எங்கண்ணே கெடைக்கும்?"

"முகத்துவாரத்துக்குப் போ. உச்சிப் பொழுதுல ஏத்தமும் இல்லாம வத்தமும் இல்லாம தண்ணி நிக்கும் பாரு, அப்ப நல்ல தண்ணி மேல படுத்துக்கும், உப்புத் தண்ணி கீழ படுத்துக்கும். நடுவுல ஒரு வெரலு கனத்துக்கு ரெண்டுங்கெட்டான் தண்ணி மினுமினுன்னு நிக்கும். அதுக்குள்ள முழுசாப் படுத்துக்கிட்டு, எடுத்துக்க தாயேன்னு சொல்லணும். கழித்தாயி எடுத்துக்குவா."

"எதை?"

"உன்கிட்ட எதெல்லாம் ஊரு கண்ணுல படுதோ, அதையெல்லாம்."

"கண்ணையுமா எடுக்கணும்? அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே."

சொறிமுட்டை சிரித்தான். சிரித்தபோது உடம்பு முழுவதும் குலுங்கியது. "வெளிச்சம் நிக்காம உள்ள பூந்து அந்தாண்ட போனாத்தான் ஒடம்பு தெரியாது. அந்த வெளிச்சத்தைப் புடிச்சு நிறுத்துனாத்தான் கண்ணு தெரியும். போவவும் விடணும், புடிக்கவும் செய்யணும்னா எப்படித் தங்கச்சி? எனக்கு இப்ப ஒரு கொறையும் இல்ல. எங்க போறேன்னு தெரியாது. போற எடந்தான் ஊரு."

"புள்ளைங்க இருக்குதா உனக்கு?"

"இருக்குன்னு சொல்லிக்கிறாங்க," என்றான் அவன். அதற்குள் வற்றம் தொடங்கிவிட்டது. வந்த வழியே அவனை இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்த ஒரு சொல் செவத்தாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொடுவாயிடமிருந்து பிள்ளை தப்பிக்க வேண்டும், அது வாஸ்தவம். ஆனால் தப்பித்த பிள்ளையைப் பெற்றவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வேருக்கு வெளியே கொடுவாயின் நிழல் போவதைப் பார்த்ததும் யோசனையை நிறுத்திவிட்டு முகத்துவாரத்துக்குக் கிளம்பினாள்.

உச்சிப் பொழுது. தண்ணீர் அசையாமல் நின்றது. சொறிமுட்டை சொன்னபடியே, மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் நடுவில் அந்த மினுக்கம் இருந்தது. செவத்தாள் அதற்குள் நீட்டிப் படுத்தாள். அந்தக் காலத்தில் இறாலின் கண், மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல, முகத்தோடு பதிந்து இருக்கும். "எடுத்துக்க தாயே," என்றாள்.

சிவப்பு முதலில் வாலில் கரைந்தது. பிறகு முதுகு போயிற்று, வயிறு போயிற்று, வயிற்றில் இருந்த முட்டைகளும் தெளிந்துபோயின. குளிர்ச்சி கழுத்தைத் தாண்டி முகத்துக்கு வந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அவளுக்குச் சொறிமுட்டையின் சொல் ஞாபகம் வந்தது. இருக்குன்னு சொல்லிக்கிறாங்க. உயிரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் முகத்திலிருந்து வெளியே உந்தினாள். கண் இரண்டும் காம்பு முளைத்த மாதிரி நீண்டு, அந்த மினுக்கத்தைத் தாண்டி மேலே இருந்த நல்ல தண்ணீருக்குப் போய் நின்றன. உடம்பெல்லாம் மறைந்தது, அந்த இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் மறையவில்லை.

கழிக்குத் தெரியாமல் கழிக்குள் என்ன நடக்கும்? தண்ணீர் பேசிற்று.

"முழுசாக் குடுக்கலியேடி."

"தப்புதான் தாயே. புள்ளைங்களைப் பாக்கணும்."

 கழித்தாயிக்குக் கோபம் வரவில்லை. கணக்கில் சரியாக இருப்பவள், அவ்வளவுதான். "நீ ரெண்டு புள்ளி மிச்சம் வச்சே. நானும் உன் செவப்பை அழிக்காம மிச்சம் வைக்கிறேன். உன் ஓட்டுக்குள்ளயே ஒளிச்சு வைக்கிறேன். நான் குளுந்து கெடக்குற வரைக்கும் அது வெளிய வராது. என்னை யாராவது கொதிக்க வச்சா மட்டும் என்னால மறைக்க முடியாது. அப்ப உன் செவப்பு உனக்கு வந்துடும். இங்க இருக்குற உன் சாதி எறால் அத்தனைக்கும் இதே கணக்குதான்."

கழியைக் கொதிக்க வைக்க யாரால் ஆகும் என்று செவத்தாள் நினைத்தாள். சரி என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாளே பிள்ளைகள் பொரிந்தன. உடம்பு ஒன்றுக்கும் தெரியவில்லை. ஆனால் வேர்களின் நடுவே ஜோடி ஜோடியாகக் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின, கடுகைத் தூவிய மாதிரி. செவத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீசையை நீட்டி ஒவ்வொன்றாகத் தடவியும் பார்த்தாள். பார்த்தது போதும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கொடுவா வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு வந்தான். இந்தப் பக்கம் போனான், அந்தப் பக்கம் போனான். புள்ளிகளைப் பார்த்தான், மண் என்று நினைத்துக்கொண்டான்.

"இங்க செவப்பா ஒரு கூட்டம் கெடந்துதே?"

"கெடந்துச்சு," என்றாள் செவத்தாள், அவன் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு.

"யாரு பேசுறது?"

"கழி பேசுது."

நாலு நாள் பட்டினி கிடந்து பார்த்தான். ஐந்தாம் நாள் கடல் பக்கம் போய்விட்டான். அன்றைக்குக் கழியில் சின்னதுகள் துள்ளிய துள்ளலில் தண்ணீரே சிலிர்த்தது. செவத்தாள் வாழ்க்கையில் முதல் தடவையாக வேருக்கு வெளியே வந்து நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள்.

ஆனால் ஒருத்தர் வாய்க்கு அகப்படாதது எல்லார் வாய்க்கும்தான் அகப்படாது. கரையில் அஞ்சலாட்சி என்றொரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள். காலையில் பறியை எடுத்துக்கொண்டு வருவாள். ஓலையில் முடைந்த சின்னக் கூடை அது. தண்ணீரைப் பார்ப்பாள், சிவப்பாகத் தெரிவதில் நாலை எடுத்துப் போட்டுக்கொண்டு போவாள். இப்போது எட்டு நாளாக வெறும் பறியோடு திரும்பினாள். அடுப்பில் பூனை தூங்கியது. பிள்ளைக்குக் கொடுக்க மாரில் பால் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கரையில் நின்ற தில்லை மரம் முனகுவது செவத்தாளுக்குக் கேட்டது. தில்லைப் பால் நஞ்சு. கண்ணில் தெறித்தால் கண் போகும், தண்ணீரில் ஊற்றினால் மீன் செத்து மிதக்கும்.

"என்னா மரமே, யாரு என்னா பண்ணுனாங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சலாட்சி பட்டையைக் கீறுறா. சட்டி நெறையப் பால் எடுத்துட்டா. கழியில ஊத்தப் போறாளாம். உசுரோட இருக்குற எறால் கண்ணுக்குத் தெரியல, செத்தது வெளுத்து மேல வருமில்லன்றா."

 கொடுவாயாவது வாய்க்கு எட்டியதைத்தான் தின்றான். இந்தச் சட்டி கவிழ்ந்தால் கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளைகள் ஒன்று மிஞ்சாது. ஓடிப்போகலாம் என்றால் அத்தனையையும் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? அதற்குள் அஞ்சலாட்சி பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

செவத்தாள் நேரே அவள் காலடிக்குப் போனாள். நெற்றிக் கொம்பால் கணுக்காலில் ஒரு குத்துக் குத்தினாள்.

அஞ்சலாட்சி சட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையைச் சட்டென்று கீழே விட்டுச் சேற்றோடு அமுக்கினாள். கைக்குள் என்னவோ துள்ளியது. தண்ணீருக்குள் குனிந்து பார்த்தால் வெறும் கைதான் தெரிந்தது. பறியை வாயிலிருந்து தோளுக்குத் தள்ளினாள்.

"யாரு?"

"செவத்தா."

"செவத்தாளா? எங்க உன் செவப்பு?"

"கழிகிட்டக் குடுத்து வச்சிருக்கேன். அம்மாடி, அந்தப் பாலை ஊத்தாத. ஊத்துனா இன்னிக்கு உன் ஒலை கொதிக்கும். நாளைக்கு எதைப் போடுவ?"

"நாளைக்கு எம்புள்ளை இருந்தாத்தானே நாளைக்கு," என்றாள் அஞ்சலாட்சி.  "எட்டு நாளாக் கண்ணுல ஒண்ணும் படலை. நான் என்னா பண்ணட்டும்?"

"கண்ணை விடு. இப்ப என்னை எதால புடிச்ச?"

அஞ்சலாட்சி தன் கையைப் பார்த்தாள்.

"குனிஞ்சு சேத்துல தடவு," என்றாள் செவத்தாள். "வேரடியில தடவு. கைக்கு அகப்பட்டது உனக்கு. வெரலிடுக்குல நழுவுனது கழிக்கு. என் சின்னதுங்க நழுவிடும், உன் புள்ளைக்கும் பாலு கெடைக்கும். ரெண்டு வூட்டுலயும் அடுப்பு அணையாது."

அஞ்சலாட்சி செவத்தாளைப் பறியில் போட்டுத் தண்ணீரோரமாக வைத்தாள். அப்புறம் கரையேறி, தில்லைப் பாலைக் காய்ந்த மணலில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினாள்.  திரும்பி வந்து பறியைத் தண்ணீருக்குள் சாய்த்தாள்.

"சரி. நீ போ."

செவத்தாள் போகவில்லை.

"போயேன்டி. நானே விடுறேன்னு சொல்றேன்ல."

"நான் கைக்கு அகப்பட்டவ," என்றாள் செவத்தாள். "சொன்னவளுக்கு ஒரு நாயம், மத்தவங்களுக்கு ஒரு நாயம்னா இந்தப் பேச்சு நாளைக்கு நிக்காது. ஒரு நா நீ மறந்துடுவ. மறுபடியும் மரத்தைக் கீறுவ. நான் உன் பறியில வந்தா மறக்க மாட்ட."

பறி ஓலையின் இடுக்கு வழியே அவள் வெளியே பார்த்தாள். வேரோரம் ஜோடி ஜோடியாகக் கறுப்புப் புள்ளிகள் நின்றன. எத்தனை என்று எண்ணவில்லை. இருக்கின்றன என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே பார்த்தாள்.

அஞ்சலாட்சி வேரடியில் தடவித் தடவி உலைக்கு வேண்டிய மட்டும் எடுத்தாள். விரலிடுக்கில் நழுவியதைத் துரத்தவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் செவத்தாள் பறியிலேயே அடங்கிப் போயிருந்தாள். அஞ்சலாட்சி கழித்தண்ணீரையே மொண்டு வந்து உலை வைத்தாள். தண்ணீர் கொதித்தது.

கழி சொன்ன சொல் தவறவில்லை. வாலில் தொடங்கி, முதுகுக்கு ஏறி, கழுத்துவரை அந்தப் பழைய சிவப்பு, வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பு, திரும்பி வந்தது. சட்டிக்குள் எல்லாம் ஒரே நிறமாயிற்று, அதில் செவத்தாள் எது என்று தெரியவில்லை. கண் மட்டும் எல்லாவற்றிலும் கறுப்பாகவே இருந்தது. அஞ்சலாட்சி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு பிள்ளை அழுதது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பால் கொடுத்தாள்.

அன்று முதல்தான், கழியில் இறாலுக்குப் போகிறவர்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணால் தேடாமல் கையால் தடவுகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாத இறால், உலையில் விழுந்த பிறகு தன் சிவப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, பிள்ளைகளுக்காக மிச்சம் வைத்த அந்த இரண்டு கண் மட்டும் சட்டியிலும் சிவப்பதில்லை.