கழட்டச் சொன்ன காது மிஷின்

தரவரிசையில் பேரே இல்லாத அமலோற்பவம், தூத்துக்குடி சதுரங்கப் போட்டியில் சாம்பியன் ஞானதிரவியத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜெயித்தால்தான் மாவட்ட அணியில் இடம்.

வந்த வேகத்தில் அவருடைய குதிரையை வெட்டினாள். தோற்கிற ஆம்பளைக்குச் சந்தேகம் வர எவ்வளவு நேரமாகும்?

"இவ காது மிஷின்ல எவனோ சொல்லிக் குடுக்கான்! கழட்டச் சொல்லுங்க!"

நடுவரும் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் மிஷினைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, யானையையும் வெட்டினாள்.

ஞானதிரவியம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "டிரா வச்சுக்கிடுவோமாம்மா?" என்றார்.

அவளுக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "என்ன சார்?"

"டிரா..."

"சத்தமாச் சொல்லுங்க சார். நீங்கதானே கழட்டச் சொன்னீங்க?"

அவர் கத்திக் கெஞ்சியது கூடம் முழுக்கக் கேட்டது. அமலோற்பவத்துக்கு மட்டும் கேட்கவே இல்லை, பாவம். ராணியை நகர்த்தி செக்மேட் வைத்துவிட்டாள்.