மூக்கில்லாத வண்டு

கேளுங்கள், தேர்களெல்லாம் புதிதாகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெடுங்கரை என்னும் ஊரில் நடந்தது இது.

அங்கே வைரவ ஆசாரி என்று ஒரு தச்சர் இருந்தார். வீட்டில் எந்தப் பூச்சி தென்பட்டாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். காலைப் பார்ப்பார், இறக்கையைப் பார்ப்பார், தலையைப் பார்ப்பார், இன்னதென்று சொல்லிவிடுவார். அவர் சொல் தப்பியதே இல்லை என்று ஊரே பேசியது. கேட்கக் கேட்க அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு சித்திரையில் சடைச்சி வந்தாள். தென்னங்கிடுகு முடைந்து, பேச்சி என்ற மகளையும் ஒரு கைக்குழந்தையையும் வளர்த்துவந்த கைம்பெண். இலையில் நாலைந்து பழுப்பு வண்டுகளை வைத்து நீட்டினாள்.

"வீட்டுத் தரையில் கிடந்தது, ஆசாரியாரே."

ஆசாரி தேர்ச்சக்கரம் செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அரிசி வண்டு. அரிசியை வெயிலில் காயவை, போ."

அவள் திரும்பி நடந்தாள். இலையை வீசப்போன ஆசாரியின் கை நின்றது. அரிசி வண்டுக்குத் தும்பிக்கைபோல் நீண்ட மூக்கு உண்டு. இவற்றுக்கு மூக்கே இல்லை. தலை முதுகுக்கு அடியில் ஒளிந்திருந்தது. இது மரத்தைத் துளைத்துத் தின்னும் வண்டு. அப்படியென்றால் அவள் வீட்டு உத்திரத்தில் இருக்கிறது.

கூப்பிட்டிருக்கலாம். அவள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்னதை எப்படி மாற்றுவது? மறுபடி உளியை எடுத்தார்.

ஆடியில் மறுபடி வந்தாள். "அரிசியைக் காயவைத்தேன். இப்போது மேலிருந்து மாவுபோல் கொட்டுகிறது."

"சுண்ணாம்பு உதிரும். பெருக்கித் தள்ளு."

ஐப்பசியில் மூன்றாம் முறை வந்தாள். "உத்திரம் முனகுகிறது, ஆசாரியாரே. பேச்சி உள்ளே படுக்கவே பயப்படுகிறாள்."

உண்மை அவர் தொண்டைவரை வந்துவிட்டது. "மழைக்கு மரம் உப்பும். அந்தச் சத்தம்தான்" என்றார். மழை விட்டதும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் உத்திரத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மழை விடவில்லை. நாலாம் நாள் பட்டப்பகலில் கூரை அப்படியே இறங்கியது. சடைச்சி குழந்தையோடு கொல்லையில் இருந்தாள். பேச்சி உள்ளே இருந்தாள்.

ஊர் கூடி ஓடுகளை அள்ளி எறிந்து சிறுமியை வெளியே எடுத்தது. உயிர் இல்லை. ஒடிந்த உத்திரத்துக்குள் வெறும் தூள்.

"வண்டு தின்ற மரம். முன்பே பார்த்திருக்க வேண்டாமா?" என்று ஒருவர் சடைச்சியைக் கடிந்தார்.

"இல்லை ஐயா, ஆசாரியார் பார்த்தார். அது அரிசி வண்டுதான்" என்றாள் அவள்.

வைரவ ஆசாரியால் அதைத் தாங்க முடியவில்லை.

"அது மர வண்டு, தாயே. எனக்குத் தெரியும்."

"எப்போது தெரியும்?"

"நீ முதலில் கொண்டுவந்த அன்றே."

அவள் ஏசவில்லை. சிறுமியைத் தூக்க அவர் குனிந்தபோது மட்டும் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"என் பிள்ளையை நீங்கள் தொட வேண்டாம்."

கூட்டம் விலகியது. கொட்டும் மழையில் ஆசாரி தனியாக நடந்து போனார்.

ஆகையால், கேட்டவர்களே, தான் சொன்னது பிழையென்று தெரிந்தால் தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். பிந்திச் சொல்லும் உண்மை யாரையும் காப்பாற்றுவதில்லை.